ஈறைப் பார்த்துட்டுப் பேசு

அண்ணாச்சி வீட்டில் மருந்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவே நெடுநாளாயிற்று. கேட்டால், "அது கெடக்கட்டும், நீ இதப் புடி" என்று ஏதாவது ஒரு நாயை என் பக்கம் தள்ளிவிடுவார். வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி என்று நோட்டு நிறைய எழுதி வரலாம் என்று போனவனுக்கு முதல் பக்கத்தில் எழுதக் கிடைத்தது இரண்டே விஷயம்: ஈறு என்ன நிறம், தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு.

அவர் டாக்டர் இல்லை. அரசு கால்நடை மருந்தகங்களில் பராமரிப்பு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் எந்நேரமும் நாலைந்து நாய், பூனை கிடக்கும். தெருவில் அடிபட்டது, வீட்டுக்காரர் ஊருக்குப் போகையில் விட்டுப் போனது, திரும்ப வந்து வாங்காதது என்று கலவையான கூட்டம். காசு வாங்க மாட்டார், ஊசி போட மாட்டார், மருந்துச் சீட்டு எழுத மாட்டார். வருகிறவர்களில் பாதிப் பேரை ராமையன்பட்டிக்கு அனுப்பிவிடுவார். அங்கே 2012-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்ததிலிருந்து தன் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது என்று சொல்லுவார். அதைச் சந்தோஷமாகத்தான் சொல்லுவார்.

அவர் போட்ட முதல் நிபந்தனையும் மருந்தைப் பற்றியதல்ல. "மொதல்ல நீ தடுப்பூசி போட்டுட்டு வா தம்பி. அப்புறம் நாயத் தொடு." கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் வெறிநோய்த் தடுப்பூசி அது. முதல் ஊசி, அதிலிருந்து 7-ஆம் நாள் ஒன்று, 21 அல்லது 28-ஆம் நாள் ஒன்று. அது முடியும்வரை தாழ்வாரத்துத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க மட்டும்தான் அனுமதி. இதைப் போட்டிருந்தாலும், கடிபட்டால் கழுவிவிட்டு மறுபடி ஊசிக்குப் போகத்தான் வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிட்டார்.

நாய்க்கடிக்குப் பச்சிலை உண்டா என்று கேட்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஒரு கேள்விக்குத்தான் அண்ணாச்சிக்குக் குரல் உயரும். கடிவாயில் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் என்று அப்பிக்கொண்டு வருவார்கள். குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே 15 நிமிஷம் கழுவவைத்து, நேரே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்ற பயம் வயசானவர்களிடம் இன்னும் இருக்கிறது. செம்மறியாட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து 2004-ஓடு நம் நாட்டில் நின்றுபோயிற்று. பயம் மட்டும் நிற்கவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து பார்த்த காலம் வீண்போகவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. நோயாளி நாயை எல்லோரும் பார்ப்பார்கள். நன்றாக இருக்கிற நாயை யாரும் பார்ப்பதில்லை. அண்ணாச்சி என்னைப் பார்க்கவைத்தது நன்றாக இருக்கிற நாயை. மேலுதட்டைப் பெருவிரலால் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறை ஒரு அழுத்து அழுத்தி விட வேண்டும். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். நம் நாட்டு நாய்களில் பலவற்றுக்கு ஈறு கறுத்திருக்கும், ஒன்றும் தெரியாது. அப்போது கீழ் இமையைச் சற்று இறக்கி உள்பக்கம் பார்க்க வேண்டும். பிறகு கழுத்துக்குப் பின்னால் தோலை இழுத்துவிட்டுப் பார்ப்பது. உடனே படிந்தால் சரி. கூடாரம் போட்டதுபோல் நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது.

மூக்கு காய்ந்திருக்கிறது, அதனால் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு வராதவர்களே இல்லை. மூக்குக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை, தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். தெர்மாமீட்டர் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு. 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்குச் சாதாரணம். நமக்கு அது காய்ச்சல். தொட்டுப் பார்த்து "சுடுதே" என்று கலங்குவது இதனால்தான். மூச்சையும் தூங்கும்போதுதான் எண்ண வேண்டும். நிமிஷத்துக்கு 30-ஐத் தாண்டக் கூடாது. ஓடி வந்த நாய் வாயைத் திறந்து இளைப்பது வேறு சங்கதி. பூனை வாயைத் திறந்து இளைத்தால் அது சும்மா இல்லை.

இப்படிப் பார்த்துப் பழகியதில்தான் ஒரு ராஜபாளையம் குட்டியின் விவகாரம் பிடிபட்டது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. கூப்பிட்டால் வராது, திமிர் பிடித்தது என்று வீட்டுக்காரர் அடித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அதன் முதுகுக்குப் பின்னால் போய் எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். தாழ்வாரத்தில் இருந்த மற்றதெல்லாம் துள்ளி எழுந்தன. இது மட்டும் தன் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றது. முழு வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு வருவது உண்டு. அதற்கு மருந்து கிடையாது, கையைக் காட்டிப் பழக்க வேண்டும், வெளியே அவிழ்த்துவிடக் கூடாது. 2005-ல் தபால்தலையில் வந்த ஜாதி நாய் என்று பெருமையாக வாங்கி வந்தவருக்கு இதை எடுத்துச் சொல்வதுதான் அன்று பெரிய வைத்தியமாக இருந்தது.

அடுத்த பாடம் பிடிப்பது. பூனையைத் துண்டில் சுற்றுவதை மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, சொல்லிக்கொடுத்தார்கள். துண்டை மேஜையில் விரித்து, பூனையை நடுவில் வைத்து, ஒரு பக்கத்தைக் கழுத்தோடு ஒட்டி இழுத்துப் போர்த்தி, முன்கால் இரண்டும் உள்ளே போன பிறகு மறுபக்கம். கழுத்தடியில் தளர்ந்தால் ஒரு கால் வெளியே வரும். ஒரு கால் வந்தால் போதும், உங்கள் முகத்தில் கோடு விழும். இறுக்கினால் மூச்சு முட்டும். மதினி பேசிக்கொண்டே சுற்றுவார்கள், பூனைக்குச் சுற்றப்பட்டதே தெரியாது.

மருந்து புகட்டுவது தனிக் கலை. தலையை அண்ணாந்து பிடித்துச் சங்கில் ஊற்றுவதுதான் நம் வீடுகளில் பழக்கம். அது மூச்சுக்குழாயில் போய் நுரையீரலில் இறங்கும். ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கடைவாய் ஓரம், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, அது விழுங்க விழுங்கக் கொடுக்க வேண்டும். பூனைக்கு மாத்திரை போட்டால் கட்டாயம் பின்னாலேயே ஐந்து மில்லி தண்ணீர். உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின் மாத்திரை பூனைக்கும் சில நோய்களில் எழுதுவார்கள். அது வறண்ட உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கிவிடும். இதையெல்லாம் எந்த மருந்து உறையிலும் நான் படித்ததில்லை.

உண்ணிக்கு வருகிறேன். கத்திரி வெயில் தொடங்கினால் தாழ்வாரத்தில் வேறு பேச்சே இருக்காது. சீப்பால் வாரிக் கொல்லலாம், குளிப்பாட்டலாம் என்று எல்லோரும் நாயையே பார்ப்பார்கள். அண்ணாச்சி சுவரைப் பார்ப்பார். "நாயி மேல இருக்கது கொஞ்சம்ல. மிச்சம்லாம் ஒன் வீட்டுல இருக்கு." நாயைப் பிடிக்கும் இந்தப் பழுப்பு உண்ணி குஞ்சு, நடுப்பருவம், வளர்ந்தது என்ற மூன்று நிலையிலும் ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் குடித்து முடித்துக் கீழே விழுந்து, எங்காவது ஒளிந்து தோலுரித்து, அடுத்த நாய்க்குக் காத்திருக்கும். விழுந்தது தரையில் கிடக்காது, மேலே ஏறும். சுவர் விரிசல், கதவுநிலை இடுக்கு, கட்டில் சட்டம், திரைச்சீலை மடிப்பு. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் நாய்க்கு மருந்து போடுகிற அன்றே விரிசல்களைச் சிமெண்ட் வைத்துப் பூசச் சொல்லுவார், நாய் படுக்கிற சாக்கைக் கொளுத்தச் சொல்லுவார். வாரம் கழித்து மறுபடி தேடச் சொல்லுவார். பெரும்பாலானவர்கள் மருந்தோடு நின்றுவிடுவார்கள். அடுத்த மாதம் திரும்ப வருவார்கள்.

உடம்பில் இருப்பதைப் பிடுங்கக் கற்றுக்கொண்டதுதான் என் கைக்கு வந்த முதல் தொழில். காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்குக் கீழே, வால் அடி என்று வரிசையாகத் தேட வேண்டும். சாமணத்தைத் தோலோடு ஒட்டி, உண்ணியின் வாய்ப்பக்கம் பிடித்து, திருகாமல், ஒரே சீராக நேரே இழுக்க வேண்டும். வயிற்றைப் பிடித்து நசுக்கினால் அதன் எச்சில் நாய்க்குள்ளேயே போகும். பிடுங்கியதை நகத்தால் குத்தக் கூடாது, ஸ்பிரிட் ஊற்றிய புட்டியில் போட வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது எங்கள் பக்கம் பழைய வழக்கம். தோல் வெந்து போவதோடு, நாய் நக்கி அந்த ஆவி நுரையீரலுக்குப் போனால் சளிக்காய்ச்சலாக முடியும். வேப்பிலை அவித்த தண்ணீரில் நாயைக் குளிப்பாட்டுவதை அண்ணாச்சி தடுக்க மாட்டார், அரிப்புக்கு இதம் என்பார். ஆனால் அதை நம்பி உண்ணியை விட்டுவைக்க மாட்டார். மூக்கில் ரத்தம் வந்தாலோ, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ உடனே வண்டி. எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் தட்டணுக்களைத் தின்றுகொண்டிருக்கும்போது வேப்பிலை என்ன செய்யும்?

இதே பேச்சில் பூனை வரும்போது சட்டமெல்லாம் மாறிவிடும். நாய்க்கான சொட்டுமருந்து, மாட்டுக்கான உண்ணி மருந்து ஆகியவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் வகையறா பூனைக்கு விஷம். தடவிய சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். நாயும் பூனையும் ஒன்றாகப் படுக்கிற வீட்டில் நாய்க்குப் போட்டாலும் பூனைக்கு ஆபத்துதான். வேப்பெண்ணெய், யூக்கலிப்டஸ் தைலம், கற்பூரம், தரை துடைக்கிற பினாயில் எதுவும் பூனைக்கு ஆகாது. பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்வது. காலில் பட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும். உள்ளே போனதை முறித்து வெளியேற்றும் வேலையில் அதன் ஈரலுக்கு நமக்கும் நாய்க்கும் உள்ள திறமை கிடையாது.

இதை நான் கண்ணால் பார்த்தேன். சமாதானபுரம் பக்கமிருந்து ஒரு காலேஜ் பெண் கூடையில் பூனையோடு வந்தாள். நேற்று உடம்பு சுட்டது, அரைப் பாரசிட்டமால் பொடித்துப் பாலில் கொடுத்தேன், இன்று முகம் வீங்கியிருக்கிறது என்றாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். உதட்டைத் தூக்கினேன். சிவப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை, சேற்றுப் பழுப்பு. அந்த நிறத்தை அதற்கு முன் எந்த உயிரின் வாயிலும் நான் பார்த்ததில்லை. ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆக்சிஜனைச் சுமக்கிற வலு அதற்குப் போய்விட்டிருந்தது. அண்ணாச்சி ஒன்றும் புகட்டவில்லை, தடவவில்லை. "மாத்திர அட்டைய எடுத்துக்கோம்மா. எத்தன மணிக்குக் குடுத்தேன்னு டாக்டர்ட்ட சொல்லு" என்று மட்டும் சொல்லி, தானே ஆட்டோ பிடித்தார். சளியைக் கரைக்க நமக்குக் கொடுக்கும் அசிட்டைல்சிஸ்டீன்தான் இதற்கு மாற்று மருந்து. நேரத்தோடு கிடைத்ததால் அந்தப் பூனை பிழைத்தது. அவள் அம்மா பிற்பாடு வந்து, "பிள்ளைக்குக் குடுக்கிற மாத்திரதானே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில்தான் சிக்கலே. பிள்ளைக்கு ஆவது, மாட்டுக்கு ஆவது என்று சரி பார்த்த பொருளை நாம் பூனைக்கும் நீட்டுகிறோம்.

மாட்டுக்கு ஆவது என்றதும் இன்னொன்று. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசுவது பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய முறை. அண்ணாச்சி தன் கையாலேயே எத்தனையோ மாட்டுக்குப் பூசியவர், அதன்மேல் அவருக்கு மதிப்பு உண்டு. குட்டி போட்ட நாய்க்கு மடி கட்டிக்கொண்டபோது ஒருவர் அதையே அரைத்துக்கொண்டு வந்தார். அண்ணாச்சி வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். மாடு தன் மடியை நக்காமல் பார்த்துக்கொள்ளலாம், நாயை முடியாது. எட்டுக் குட்டிகளின் வாய் வேறு அங்கேதான் இருக்கிறது. வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம், குட்டிகளைத் தனியே எடுத்துப் புட்டிப்பால், சாயங்காலத்துக்குள் டாக்டர். நாட்டு வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்தான் நாட்டு வைத்தியத்தை எங்கே நிறுத்துவது என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அடுப்படியில் என்னதான் மிஞ்சியது என்று கேட்பீர்கள். மிஞ்சியது நல்ல பொருள்கள்தான். வளர்ந்த நாய் சுறுசுறுப்பாக இருக்கிறது, வயிறு மட்டும் கலங்கியிருக்கிறது என்றால் உப்பு, வெங்காயம், மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியும் குழைந்த சோறும் சிறுகச் சிறுக. அதோடு ஒரு கரண்டி வெந்த பரங்கிக்காய். அது இளகினதையும் கட்டும், இறுகினதையும் இளக்கும். சிராய்ப்பைக் கழுவ, அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு. வெடித்த பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய். பிரியாணி மிச்சம் போடுகிறவர்கள் அதில் இருக்கும் வெங்காயத்தை யோசிப்பதில்லை. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை, கிஸ்மிஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேசரியில் கிடக்கிற நாலு கிஸ்மிஸ்கூட மதினி பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் நாய்க்குப் போடுவார்கள், அதுவும் அது கெஞ்சினால்.

குட்டிக்கு மட்டும் கஞ்சி வைத்தியம் கிடையாது. தடுப்பூசி போடாத குட்டி வாந்தியெடுத்து, ரத்தமாகப் போனால் அது பார்வோ என்றே வைத்துக்கொண்டு ஓட வேண்டும். 1978 வாக்கில் உலகத்தில் தலைகாட்டிய வைரஸ் அது. வீட்டு மண்ணில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், பினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் பவுடர்தான் வேண்டும். சைவ வீட்டுப் பூனைகளுக்கு வேறு பிரச்சினை. தயிர்சாதத்திலேயே வளர்கிற பூனைக்கு டாரின் என்ற சத்து கிடைக்காது, அது கறியிலும் மீனிலும்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் கண் பார்வை மங்கும், இதயம் பெருத்துத் தளரும். இதயத்தைப் பற்றியது 1987-லேயே கண்டுபிடித்த சங்கதி. மதினி அப்படி ஒரு வீட்டுக்குத் தினமும் இரண்டு சாளை மீனை அவித்து, கிண்ணத்தில் மூடி, பின்வாசல் வழியாகக் கொடுத்தனுப்புகிறார்கள்.

புழுப்புண்ணை அதிகம் விவரிக்க மாட்டேன், சாப்பிடும் நேரத்தில் படிக்கிறவர்களும் இருப்பார்கள். ஒன்று மட்டும். டர்பன்டைனும் கற்பூரமும் ஊற்றி நாயைக் கதறவிடுவதை அண்ணாச்சி செய்வதில்லை. புழு தலையைச் சதைக்குள் வைத்து வால்முனையால் மூச்சு விடுகிறது. சுற்றிலும் முடியை வெட்டி, குழியை வாஸ்லின் வைத்து நிறைய அடைத்தால் மூச்சு முட்டி அதுவே மேலே வரும். வர வரச் சாமணத்தால் எடுத்து, எல்லாம் வந்தது என்று நினைத்த பிறகும் டார்ச் அடித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஆழமென்றால் அதற்கும் ராமையன்பட்டிதான்.

வீட்டில் நிறுத்துவதற்கும் வண்டி எடுப்பதற்கும் நடுவில் உள்ள கோட்டை எனக்குச் சரியாகக் காட்டியது ஒரு கடுவன் பூனை. மண் தட்டில் போய்ப் போய் முக்குகிறது, மலச்சிக்கல், விளக்கெண்ணெய் கொடுக்கலாமா என்று கேட்டு வந்தார் ஒரு வாத்தியார். அண்ணாச்சி என் கையைப் பிடித்துப் பூனையின் அடிவயிற்றில் வைத்தார். எலுமிச்சம்பழ அளவில் கெட்டியாக, உருண்டையாக ஒன்று இருந்தது. லேசாகத் தொட்டதற்கே பூனை உறுமியது. "என்னது?" என்றார். மலம் என்றால் பின்னால், நீளமாகத் தட்டுப்பட வேண்டும். இது மூத்திரப்பை. கடுவனுக்குச் சிறுநீர்த் தாரை ஒடுக்கமானது, மணல்போல் ஏதாவது அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டும் வராது. இரண்டு மூன்று நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். "சார், எண்ணெயெல்லாம் அப்புறம். இப்பவே கெளம்புங்க" என்றார் அண்ணாச்சி. வாத்தியாருக்கு வகுப்பு இருந்தது, சாயங்காலம் போகிறேன் என்றார். அண்ணாச்சி அவர் கையிலிருந்த கூடையை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார்.

வெயில் காலத்தில் பக் நாய்களோடு ஒரு பாடு. 2003-ல் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஓடிய நாயைப் பார்த்து ஊரெல்லாம் வாங்கிற்று. சப்பை மூக்கை வைத்துக்கொண்டு நெல்லை மே மாதத்தில் அது எப்படி மூச்சு விடும் என்று யாரும் கேட்கவில்லை. இளைத்து விழுந்தால் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, காற்றாடிக்கு அடியில் போட வேண்டும். ஈரத் துணியால் மூடிப் போட்டால் சூடு உள்ளேயே நிற்கும். தெர்மாமீட்டர் 103-க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு வண்டி.

இப்போது காதுப் பாடம் நடக்கிறது. நாயின் காதுக்குழல் நேரே போகாது. கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கம் மடங்கும். அதனால் செவிப்பறை நம் கண்ணுக்குத் தெரியாது. அது கிழிந்திருக்கிறதா என்று தெரியாமல் பூண்டு காய்ச்சிய எண்ணெய் ஊற்றினால் நடுக்காதுக்குள் போய், தலை சாய்ந்து, நாய் வட்டமடிக்க ஆரம்பித்துவிடும். எனக்குக் கொடுத்திருக்கும் வேலை, விரலில் பஞ்சைச் சுற்றி, கண்ணுக்குத் தெரிகிற மட்டும் துடைத்து, முகர்ந்து பார்ப்பது. போன வாரம் வந்த லாப்ரடாருக்கு இரண்டு காதையும் முகர்ந்துவிட்டு, இடது சும்மா அழுக்கு, வலது புளித்த வாடை, தொட்டால் தலையை இழுக்கிறது என்றேன். அண்ணாச்சி குனிந்து தானும் முகர்ந்தார்.

"அப்போ வண்டிய எடு" என்றார்.